நல்ல இடத்து ரத்தம்

டீ நன்றாக இருக்கிறது. அரசு அலுவலகத்தில் இவ்வளவு நல்ல டீ கொடுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்களுக்கு முன்னால் விசாரித்த அதிகாரி ஆறிப்போன டீயைக் கொடுத்துவிட்டு, அதைக் குடித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் கேள்வி கேட்டார். என் பெயரை இரண்டு தடவை தப்பாக எழுதினார். காசிமாயன். மதுரைக்கு மேற்கே போனால் தெருவுக்கு இரண்டு காசிமாயன் இருப்பான். அதை எழுதத் தெரியாதவர் ரத்த வங்கியை விசாரிக்க வந்துவிட்டார். நீங்கள் மெட்ராஸிலிருந்து வந்த டாக்டர், முதல் தடவையே சரியாக எழுதிவிட்டீர்கள். அதனால் உங்களிடம் முழுவதும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் நடந்த ரத்த வங்கியில் பதினோரு வருஷம் நான் டெக்னீஷியன். டாக்டர் என்று ஒருவர் இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, நான் எழுதி வைத்த இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் கிளினிக்குக்குப் போய்விடுவார். ஊசி குத்துவது, குரூப் பார்ப்பது, நோயாளியின் ரத்தத்தோடு சேருமா என்று பார்ப்பது, பாட்டிலை ஃபிரிட்ஜில் வைப்பது, எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பழியைப் பங்கு போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். டாக்டருக்கு நடந்தது எதுவும் தெரியாது. ரத்தத்தைப் பற்றியும் அவருக்கு அதிகம் தெரியாது.

ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் காசுக்குக் கொடுக்கிறவர்கள்தான் அதிகம். புண்ணியத்துக்குக் கொடுக்கிறவர் மாதத்துக்கு ஒருவர் வந்தால் அதிசயம். பிறகு சொந்தக்காரர்கள். உள்ளே தாய் கிடப்பாள், மகன் ஆறடி உயரம் இருப்பான், மீசை காதைத் தொடும். ஊசியைக் காட்டினால் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்பான். அப்படிப் போனவர்கள் பல பேர் திரும்பி வந்ததே இல்லை. பின்பக்கப் படி வழியாக இறங்கி நேரே பஸ் ஏறிவிடுவார்கள்.

காசுக்கு வருகிறவர்களில் சின்னான் என்று ஒருவன் இருந்தான். லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். ஊரில் காலனியில் பிறந்தவன். பி பாசிடிவ். மற்றவர்கள் இந்த வாரம் என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வேறு இடத்தில் வேறு பெயர் சொல்லிப் படுப்பார்கள். சின்னானிடம் ஒரே ஒரு தடவை, மூன்று மாதம் கழித்துத்தான் வரவேண்டும் என்று சொன்னேன். அதிலிருந்து நாள் எண்ணி வைத்துக்கொண்டு வருவான். உள்ளே பெஞ்சு இருந்தது. அவன் படிக்கட்டில்தான் உட்காருவான். நான் உள்ளே உட்காரச் சொன்னதும் இல்லை, அவன் கேட்டதும் இல்லை.

சின்னான் மாதிரி ஆட்களின் பாட்டிலில், லேபிள் மூலையில் நீலப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் என் மேசைக்கு ஒருநாள் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் சாகக் கிடப்பான். ரத்தம் வாங்க வந்த அண்ணன்காரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது யாரு ரத்தம்ணே?" என்று காதோடு கேட்பான். அவனுடைய உயிர் இல்லை, தம்பி உயிர்தானே, கேட்க நேரம் இருக்கிறது. எனக்கு அவர்களைப் பார்த்தாலே இளக்காரமாக இருக்கும். ஆனால் கேட்டதைக் கொடுத்துவிடுவேன். புள்ளி இல்லாத பாட்டில் அவர்களுக்கு. புள்ளி வைத்தது, கேள்வி கேட்கத் தெரியாதவர்களுக்கு. அப்படியும் ஆள் வராவிட்டால் இருபத்தோரு நாள் கழித்துத் தொட்டியில் ஊற்றிக் கழுவிவிடுவேன். சின்னானின் பாட்டில் ஐந்தோ ஆறோ அப்படித் தொட்டிக்குப் போயிருக்கிறது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

இப்போது அந்தப் பரிசோதனைக் கிட்டுக்கு வருகிறேன். எண்பத்து மூன்றில் மஞ்சள் காமாலைக் கிருமியைக் கண்டுபிடிக்கும் பெட்டி வர ஆரம்பித்தது. மெட்ராஸிலிருந்து ஐஸில் வைத்து பஸ்ஸில் வரும். குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழியில் கொடுப்பவரின் சீரம் ஒரு சொட்டு, மருந்து ஒரு சொட்டு. இரண்டு மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். கிருமி இல்லை என்றால் குழியின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு விழும். இருந்தால் பொட்டு விழாது, பாய் விரித்த மாதிரி பரவி நிற்கும். உங்களுக்குத் தெரியாததா. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதனாலேயே எனக்கு அதன்மேல் மரியாதை வரவில்லை.

எனக்கு என் கண் போதும். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன், நகத்தைப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன். யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பேன். அதிலேயே பாதி தெரிந்துவிடும். டாக்டரும், "சந்தேகப்படுற ஆளுகளுக்கு மட்டும் போடு காசி, பெட்டி லேசுல கிடைக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டார். யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அது என் பொறுப்பில் இருந்தது. சின்னானுக்கு ஒவ்வொரு தடவையும் போட்டேன். ஒவ்வொரு தடவையும் பொட்டுதான் விழுந்தது. அடுத்த தடவை வந்தபோதும் போட்டேன்.

நல்லகாமன் மாமாவுக்குப் போடவில்லை. அவருக்குப் போடுவதா என்ற யோசனைகூட வந்ததில்லை. திருமங்கலத்துக்கு மேற்கே தோட்டம், பம்புசெட்டு, பருத்தி வெள்ளாமை. எனக்குத் தூரத்து வகையில் மாமா முறை. அவர் மனைவி இருளாயி அத்தை தலைப்பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், ஏற்றுவதற்கு ஒரு பாட்டில் கிடைக்காமல் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து மாமா மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கிறார். எழுபத்தாறில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு தார் வாழைப்பழம். பழத்தைப் படிக்கட்டில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துக் கொடுப்பார். ஒருநாள் சின்னானைப் பார்த்து, "ஒனக்கும் எனக்கும் ஒரே குரூப்பாம்ல, உள்ள வந்து ஒக்காரு" என்றார். சின்னான் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றான். மாமாவுக்கு இந்த மாதிரி விஷயங்களில் விவரம் போதாது.

எண்பத்து நாலு மே மாதம். ஒரு பெட்டி தேதி முடிகிற நிலையில் இருந்தது, தட்டில் மூன்று குழி மிச்சம். வீணாகப் போகிறதே என்று அன்றைக்கு வந்த மூன்று பேருடைய சீரத்தையும் விட்டேன். அதில் ஒன்று மாமாவுடையது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழியில் பொட்டு, ஒன்றில் பாய். அது மாமாவுடைய குழி.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த மனிதரின் கண் பால் மாதிரி இருக்கும். ஐம்பது வயதில் கிணற்றில் மேலிருந்து குதிக்கிறவர். அவருக்குக் காமாலைக் கிருமி, மூட்டை தூக்கிக் கண்ட இடத்தில் படுக்கிற சின்னானுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு பிளாஸ்டிக் தட்டு சொல்கிறது. வழியில் ஐஸ் உருகிக் கெட்டுப்போன பெட்டியாக இருக்கும் என்று நினைத்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதினேன். அந்தத் தட்டு சொன்னதை நான் நம்பவில்லை. என் குற்றம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான், நம்பாதது.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எங்கள் பக்கத்துச் செய்முறை உங்களுக்குத் தெரியாது. ஒரு விசேஷத்துக்கு ஒருவர் செய்ய வருகிறார், நாம் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறோம் என்றால் அதோடு உறவு முடிந்தது. பத்துப் பேர் பார்க்க முகத்தில் அறைந்ததற்கு அது சமம். மாமா ரத்தத்தை அப்படித்தான் கொண்டுவந்தார். அத்தைக்குச் செய்ய முடியாமல் போனதை யார் யாருக்கோ செய்துகொண்டிருந்தார். 'உங்கள் ரத்தம் ஆகாது மாமா' என்று எந்த வாயால் சொல்வது? காரணம் கேட்பார். காரணம் ஊருக்குத் தெரியும். அப்புறம் அந்த வீட்டில் ஒருவன் தண்ணீர் வாங்கிக் குடிப்பானா?

சரி, வாங்கிவிட்டு யாருக்கும் தெரியாமல் ஊற்றியிருக்கலாமே என்கிறீர்கள். சின்னானுடையதை ஊற்றினாயே என்கிறீர்கள். சின்னான் தன் ரத்தம் யாருக்குப் போனது என்று கேட்டதில்லை. மாமா கேட்பார். செய்முறை செய்தவர் போய்ப் பார்க்காமல் இருப்பாரா? எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஊர் பெயர் கேட்டு வைத்துக்கொள்வார், அந்தப் பக்கம் போனால் நலம் விசாரிப்பார். ஊற்றிவிட்டு அவரிடம் ஒரு பொய்ப் பெயரைச் சொல்ல வேண்டும். பொய் எனக்கு வராது.

ஆகவே கொடுத்தேன். அந்த மே மாதப் பாட்டிலோடு சேர்த்து ஒன்பது பாட்டில். ஒன்பதும் புள்ளி இல்லாதது. கேட்டு வாங்கிப் போனார்கள்.

காமாலை உடனே வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் ஆகும், நாலு மாதமும் ஆகும். அதற்குள் ரத்தம் ஏற்றியதே நம் ஜனங்களுக்கு மறந்துபோயிருக்கும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பார்கள், மந்திரிக்கப் போவார்கள், உப்பில்லாமல் சாப்பிடுவார்கள். பிழைத்தால் மந்திரித்தவன் பெயர் வாங்குவான், செத்தால் விதி. எங்கள் மாடிப் படியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது மெட்ராஸில் எய்ட்ஸ் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறதாமே, அதற்கும் இதே ஜனங்கள்தான் வரிசையில் நிற்கப்போகிறார்கள், யார் ரத்தம் என்று காதோடு கேட்டுக்கொண்டு.

முத்துத்தாய் விஷயத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எண்பத்தைந்து நவம்பர். கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். இரண்டாவது பிரசவம், பையன் பிறந்தான், ரத்தம் நிற்கவில்லை. புருஷன் சுருளி என் மேசைக்கு வந்தான். சட்டை பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான். அந்த நிலையிலும் கேட்டான்:

"அண்ணே, நல்ல எடத்து ரத்தமாப் பாத்துக் குடுங்கண்ணே."

அன்றைக்கு ஃபிரிட்ஜில் பி பாசிடிவ் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. மாமாவுடையது. அவன் கேட்டதும் அதுவேதான். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என்னைக் கும்பிட வந்தான். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பிட முடியாமல் தலையை மட்டும் ஆட்டினான். எனக்கு அந்த வாரம் வீட்டில் வேலை அதிகம், என் மகளுக்கும் பிரசவ நேரம். அதனால் அவனை வேகமாக அனுப்பிவிட்டேன்.

அவள் பிழைத்து, பிள்ளையோடு ஊர் போய்ச் சேர்ந்தாள். மாமா வழக்கம்போல ஆஸ்பத்திரியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மார்ச் மாதம் கண் மஞ்சளானது. கீழாநெல்லி, மந்திரிப்பு எல்லாம் நடந்து, நினைவு தப்பிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனாள். இருபத்து மூன்று வயது. மாமாவுக்குத் தகவல் வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாம்பட்டிக்குக் கிளம்பினார். துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். சுருளி மடியில் அந்தப் பையன் விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தான். மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் ரத்தம் உள்ள போயும் இந்தப் புள்ளயக் காப்பாத்த முடியலயே மாப்ள."

"ஆமா மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தேன். மே மாதம் அவர் மறுபடியும் வந்தார், எடுத்துக்கொண்டேன்.

முன்னால் மாமாவுடையதைத் தட்டில் ஒரு தடவை பார்த்ததாகச் சொன்னேன் அல்லவா? சரியாகச் சொன்னால் மூன்று தடவை. அடுத்து வந்த புதுப் பெட்டியில் ஒன்று, அதற்கு அடுத்ததில் ஒன்று. மூன்றும் பாய்தான். நீங்கள் கேட்காததால் சொல்லவில்லை. மூன்று பெட்டியும் கெட்டுப்போயிருக்குமா என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் வருகிற சாமான், எதுவும் நடக்கும்.

எப்படி வெளியே வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். எண்பத்தாறு ஆகஸ்டில் திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம் போட்டார்கள். மாமாவுக்கு மூன்று மாதக் கணக்குச் சரியாக வந்தது, பக்கத்தில்தானே என்று போய்ப் படுத்துவிட்டார். முகாம் நடத்திய ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் ஆள் தராதரம் பார்க்காமல் எல்லோருக்கும் பரிசோதனை போட்டிருக்கிறார்கள். இனிமேல் நீங்கள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவரும் எழுந்து நிற்கிற மனிதருக்கு ஒரு கார்டில் நாலு வரி. மரியாதை தெரியாத கூட்டம்.

கார்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அன்றைக்கு வாழைப்பழம் கொண்டுவரவில்லை.

"இதுல போட்டிருக்கது ஒனக்கு முன்னாடியே தெரியுமா மாப்ள?"

மறைக்கவில்லை. தெரியும் மாமா என்றேன்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும்."

வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சின்னான் உட்காருகிற அதே படி. உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாரத நிறுத்தியிருப்பேன். அம்புட்டுத்தான மாப்ள."

"ஒங்க முகத்துக்காகத்தான் மாமா சொல்லல."

"எம் முகத்தக் காப்பாத்திக் குடுன்னு ஒன்னக் கேட்டனா நான்?"

எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ரத்தம் வாங்கினவர்களின் பெயரும் ஊரும்தான் அவருக்கு மனப்பாடம் ஆயிற்றே. ஒன்பது வீட்டுக்கும் போயிருக்கிறார். வாசலில் நின்று, என் ரத்தத்தில்தான் இந்த நோய் வந்தது, நீங்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். ஐந்து வீட்டில் காமாலை வந்து போயிருக்கிறது. அதில் இரண்டு பேர் இல்லை, முத்துத்தாயும், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும். ஒரு வீட்டில் மாமாவைக் காலால் உதைத்திருக்கிறார்கள். சுருளி உதைக்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, இவனுக்கும் பார்க்கணுமா அய்யா என்று கேட்டிருக்கிறான். அன்றைக்கு மறுநாள் மாமா கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். குற்றம் செய்தவர்கள் என்று என் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதியிருந்தார். அந்த மனுவை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். எதற்காக இரண்டு வருஷம் நான் காப்பாற்றினேனோ அதை ஒரே வாரத்தில் தெருவில் போட்டு உடைத்துவிட்டார்.

சரி. ஒன்பது பாட்டிலையும் தெரிந்தேதான் கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். நம்பவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம்பிக் கொடுத்திருந்தால் அது கொலை. நம்பாமல் கொடுத்தது தவறு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று உங்கள் படிப்பிலும் சொல்லியிருப்பார்கள்.

ஒன்றுதான் எனக்கு மனதில் தைத்தது. எல்லாம் ஜாதி பார்த்துச் செய்ததுதானே என்று கேட்டீர்கள். நீலப் புள்ளியை வைத்துக்கொண்டு அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள். புள்ளி, ரத்தம் வாங்க வந்தவர்களுக்காக வைத்தது, எனக்காக இல்லை. அதற்கு அத்தாட்சி வைத்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுருளி வந்த அன்றைக்கு ஒரு பாட்டில்தான் இருந்தது என்றேன். முந்தின நாள் இரண்டு இருந்தன. மாமாவுடையது ஒன்று, சின்னானுடையது ஒன்று. முந்தின நாள் மத்தியானம் என் மகள் சோலையம்மாளுக்குப் பிரசவம் ஆகி, அவளுக்கும் ரத்தம் நிற்கவில்லை. ஒரே பிள்ளை எனக்கு. அவளும் பி பாசிடிவ். இரண்டு பாட்டிலும் அவளுக்குச் சேர்ந்தன, இரண்டையும் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். மாமாவுடையதை ஃபிரிட்ஜில் திரும்ப வைத்துவிட்டு, சின்னானுடையதை எடுத்துக்கொண்டு ஓடினேன். காலனி ஆள், படிக்கட்டில் உட்காருகிறவன், அவன் ரத்தம் என் மகள் உடம்பில் ஓடுகிறது. ஜாதி பார்க்கிற தகப்பன் இதைச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள். போகிற வழியில் லேபிளை மட்டும் கிழித்துப் போட்டேன். சம்பந்தி வீட்டார் யார் ரத்தம் என்று கேட்டார்கள், என்னுடையது என்றேன். என் குரூப் அவளுக்குச் சேராது, அது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

மகள் நன்றாக இருக்கிறாள். போன மாதம் பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். அவளுக்கு ஒரு நாள்கூடக் கண் மஞ்சளாகவில்லை. ஆகாது என்று அந்தப் பாட்டிலை எடுக்கும்போதே எனக்குத் தெரியும். சின்னானுக்கு எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் பொட்டுதான் விழும்.